போகாத பயணத்துக்கு ஒரு வழியனுப்பு விருந்து

எங்கள் ஊர் என்று நான் சொன்னால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். நான் நியூ ஜெர்ஸியில் பிறந்தவள். கல்யாணமாகி மினசோட்டாவின் இந்தச் சோளக்காட்டுக்கு வந்து, பள்ளிக்கூட பஸ் ஓட்ட ஆரம்பித்தேன். முதலில் என் பஸ்ஸில் ஏறிய பிள்ளைகளின் பிள்ளைகளே இப்போது ஏறுகிறார்கள். ஆனாலும் நான் இன்னும் 'புதுசா வந்த கோனி'தான்.

காரணம் என் வாய். இந்த ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே யாரும் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள். சமையல் வாயில் வைக்க விளங்கவில்லை என்றால் "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். காபி வேண்டுமா என்று கேட்டால் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவை "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா அரைக் கோப்பை" என்பார்கள். தட்டில் கடைசியாக ஒரு துண்டு கேக் இருந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியை வெட்டி எடுப்பார்கள், அடுத்தவர் அதில் பாதி, அதற்கடுத்தவர் அதிலும் பாதி. கடைசியில் தட்டில் எறும்புக்குப் போட்ட மாதிரி ஒரு பொடி மிஞ்சி நிற்கும். நான் போய் அதை வாயில் போட்டுக்கொள்வேன். அதனால்தான் நான் புதுசு.

இப்படிப்பட்ட ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் மாரித். அப்பா பண்ணையில் டிராக்டர் கவிழ்ந்து இறந்தபோது அவள் கல்லூரியில் முதல் வருடம். படிப்பை விட்டுவிட்டு அம்மா லவோனுக்குத் துணையாக வந்தவள், எங்கள் ஆரம்பப் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தாள். ஆசிரியை அல்ல. பிள்ளைகளுக்குப் பூட்ஸ் மாட்டி விடுவது, மூக்கு துடைப்பது, பென்சில் சீவுவது. பாதிப் பள்ளி அவள் தலையில்தான் ஓடியது, சம்பளம் மட்டும் வேறு யாருக்கோ.

ஊரில் வான்கோழித் தொழிற்சாலை பெரிதானதும் எக்வடோரிலிருந்தும் ஹோண்டுராஸிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. என் பஸ்ஸிலேயே பாதிப் பேச்சு ஸ்பானிய மொழிக்கு மாறிவிட்டது. அந்த வருடம் வில்மர் என்ற ஒன்றாம் வகுப்புப் பையன் காலையிலிருந்து மாரித்தின் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையைத் தடவி உட்கார வைத்தாள். மத்தியானம் சுருண்டு விழுந்தான். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம். பிழைத்துக்கொண்டான். மாரித் அன்று சாயங்காலம் என் காலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து அழுதாள்.

"வலிக்குதுன்னு எங்கிட்டதான் சொல்லியிருக்கான், கோனி. நான் தலையைத் தடவிக்கிட்டு இருந்திருக்கேன்."

அழுது முடித்தவள் மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட படிப்பை மறுபடி ஆரம்பித்தாள். முப்பது வயதுக்கு மேல், பகலில் வேலை, சாயங்காலத்தில் பனியில் காரோட்டிக் கல்லூரி. கடைசிக் கட்டம் கற்பித்தல் பயிற்சி. அதில் பாதியை எங்கள் ஊர்ப் பள்ளியிலும் மீதியை எக்வடோரில் குவென்கா நகரத்துப் பள்ளி ஒன்றிலும் செய்ய அவளுக்கு இடம் கிடைத்தது. அங்கே இருந்துவிட்டு வந்தால் இரண்டு மொழியிலும் பாடம் நடத்தத் தகுதி. வில்மர் மாதிரிப் பிள்ளைகளுக்காக எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பே தொடங்க வேண்டும் என்பது அவள் கனவு.

ஒரே ஒரு சிக்கல். பள்ளியில் அவள் சம்பளத்தில் இருப்பவள், பாதி வருடத்தில் அவளை விடுவிக்கத் தலைமையாசிரியர் சம்மதிக்க வேண்டும். ஆர்லென்தான் தலைமையாசிரியர். அவளுடைய அப்பாவின் உயிர்த் தோழர். அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர், அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். கேட்டபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பான். நீ போயிட்டு வா, இங்க நான் பாத்துக்கறேன்" என்றார். எங்கள் ஊரில் இவ்வளவு நேரடியான வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. நானும் நம்பிவிட்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் தயாரானதைப் பார்க்க வேண்டுமே. வில்மரின் அம்மா ரொசாரியோ தொழிற்சாலையில் வான்கோழி எலும்பு நீக்குகிறவள், குவென்காவுக்குப் பக்கத்துச் சிற்றூர்க்காரி. ஷிப்ட் முடிந்து வந்து மாரித்தோடு என் சமையலறையில் உட்காருவாள். மாரித் பாடம் நடத்துவாள், ரொசாரியோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நடிப்பாள். மூக்கை நோண்டுவாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைக் கிள்ளுவாள், "டீச்சர், இவ என் அழிரப்பரைத் திருடிட்டா" என்று புகார் செய்வாள். மாரித் சிரிக்காமல் பாடத்தைத் தொடர வேண்டும். அதுதான் பயிற்சி.

உறைந்த ஏரி மேல் கார் நிற்கிற படங்கள், பனிமேல் புதையாமல் நடக்க மாட்டும் பனிப்பாதணி, ஒரு குடுவை மேப்பிள் மரப் பாகு எல்லாம் அங்குள்ள பிள்ளைகளுக்குக் காட்டச் சேகரித்து வைத்தாள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்ட அவர்கள் ஊர் சூப்பை வைக்கப் பழகினாள். முதல் தடவை அது பசை மாதிரி வந்தது. ரொசாரியோ ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, இந்த ஊரில் கற்றுக்கொண்ட ஒரே பாடத்தைச் சொன்னாள்: "வித்தியாசமா இருக்கு, டீச்சர்."

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு முத்தம். அங்கே ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் இருக்கிற ஒவ்வொருவர் கன்னத்திலும் கன்னம் வைத்து முத்தமிட்டு வணங்க வேண்டும், போகும்போதும் அப்படியே. ஒருவரை விட்டுவிட்டால் அவரோடு பகை என்று அர்த்தம். மாரித்தோ, சொந்த அம்மாவையே கை நீளத்துக்குத் தள்ளி நின்று தோளில் தட்டும் ஊரில் வளர்ந்தவள். நான் இத்தாலியக் குடும்பத்துப் பெண், எங்கள் வீட்டில் தபால்காரரைக்கூட முத்தமிடாமல் விட மாட்டார்கள். ஆகவே என் கன்னம்தான் பயிற்சிக் களம். ஆரம்பத்தில் விறைத்துக்கொண்டு வந்து என் மூக்குக் கண்ணாடியில் இடிப்பாள்.

"ஏண்டி, கதவுல முட்டற ஆடு மாதிரி வர்ற? கன்னத்தை ஒட்டு, ஒட்டினா ஒண்ணும் பத்திக்காது!"

"வெக்கமா இருக்கு, கோனி."

"வெக்கத்தை இங்கயே விட்டுட்டுப் போ. திரும்பி வரும்போது எடுத்துக்கலாம்."

பிப்ரவரி முடிவதற்குள் இயல்பாகவே வந்துவிட்டது. காலையில் பிள்ளைகளை இறக்கிக் கூட்டிப்போக பஸ்ஸில் ஏறும்போதே என் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளை எண்ணுவாள்.

லவோன் இதற்கெல்லாம் என்ன சொன்னார் என்று கேட்டால், ஒன்றுமே சொல்லவில்லை. மகளுக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தார். ஒரு நாள் மாரித், "நான் போறது உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று நேரடியாகவே கேட்டாள். என்னோடு பழகிய தோஷம். லவோன் ஜன்னலைப் பார்த்து, "அங்க குளிர் இருக்காதுன்னு சொல்றாங்க. அது ஒரு நல்ல விஷயம்" என்றார். மாரித் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வழியனுப்பு விருந்து. யார் ஊரைவிட்டு எங்கே போனாலும், ராணுவத்துக்குப் போனாலும் மருத்துவமனைக்குப் போனாலும், எங்கள் ஊரில் விருந்து உண்டு. நீள மேஜைகள், காகித விரிப்பு, அடியில் மாட்டுக்கறியும் மேலே உருளைக்கிழங்கு உருண்டையும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் ஏழெட்டு வீட்டிலிருந்து, காரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி, பெரிய அண்டாவில் காபி. ஹாலுக்கு நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டிய புத்தம் புதுப் பயணப் பெட்டி. ஊர் சேர்ந்து வாங்கிய பரிசு.

ரொசாரியோவும் வில்மரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சோளமாவை இலையில் சுற்றி அவித்துக் கொண்டுவந்திருந்தாள். மடியில் ஒரு பொட்டலம். குவென்கா பக்கத்தில் இருக்கும் தன் அம்மாவுக்கு அவள் வாங்கிய ஸ்வெட்டரும், வில்மரின் சின்னச் சட்டை ஒன்றும். அம்மாவை விட்டுவந்த பிறகு பிறந்த பேரன் வில்மர், பாட்டி அவனைத் தொட்டதே இல்லை.

"சட்டையைத் துவைக்கல டீச்சர், வேணும்னுதான். அவன் வாசனை இருக்கட்டும். எங்கம்மா கையில நீங்களே குடுக்கணும், தபால்ல போட்டுடக் கூடாது."

"நானே போய்க் குடுத்து, அவங்க கன்னத்துல முத்தமும் குடுத்துட்டு வர்றேன்," என்று வாங்கிக்கொண்டாள் மாரித்.

அன்று கூட்டத்தில் ஏதோ சரியில்லை என்று எனக்கு முன்பே பட்டிருக்க வேண்டும். எல்லோரும் அளவுக்கு மீறி நல்லவர்களாக இருந்தார்கள். யாரும் விமானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "என்னைக்குக் கிளம்பற?" என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. போதகரின் மனைவி வெர்னா பெட்டியைத் தட்டிக் காட்டி, "எப்பவும் உபயோகப்படற சாமான்" என்று இரண்டு தடவை சொன்னாள். கேக்கின் மேல் 'வாழ்த்துகள் மாரித்' என்று மட்டும் எழுதியிருந்தது. ராணுவத்துக்குப் போன பையனின் கேக்கில் பீரங்கியே போட்டிருந்தார்கள்.

மாரித் ஆர்லெனுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில்.

"என் வாசிப்புக் குழுவை யாருகிட்ட விடப் போறீங்க, ஆர்லென்? வில்மருக்கு 'படி'ன்னு அதட்டினா படிக்க மாட்டான். அதைச் சொல்லிட்டுப் போகணும்."

ஆர்லென் காபியைக் கலக்கினார். அவர் சர்க்கரை போடுவதே இல்லை. "குழு இருக்கு, அது அப்படியே இருக்கு" என்றார். பிறகு, "அந்த ஜன்னலோரமா இருக்கற மேஜையை உனக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கேன். வெளிச்சம் நல்லா வரும்."

"வந்தப்புறம் பாத்துக்கலாமே."

"இல்ல, அவசரம் ஒண்ணுமில்ல. திங்கக்கிழமைகூட ஆகலாம்."

எனக்கு உறைக்கவில்லை. நான் புதுசு. மாரித் இந்த மண்ணில் பிறந்தவள். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்தத் திங்கக்கிழமை?"

ஆர்லென் மறுபடி காபியைக் கலக்கினார்.

"ஆர்லென், நான் செவ்வாய்க்கிழமை ஏர்போர்ட்ல இருக்கணும்."

"உங்கிட்ட யாரு சொல்றதுன்னு காலேஜ்ல கேட்டாங்க. நானே நேர்ல சொல்லிடறேன், அதுதான் மரியாதைன்னு சொன்னேன். அப்புறம் பாரு, ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒண்ணு வந்துடுச்சு. ஒரு நாள் பனிப்புயல். ஒரு நாள் நீ ரொம்ப சந்தோஷமா இருந்தே."

"என்ன சொல்லிடறேன்னு சொன்னீங்க?"

"நீ மீதிப் பயிற்சியையும் இங்கயே முடிச்சுக்கறேன்னு காலேஜுக்கு எழுதிட்டேன். குடும்ப சூழ்நிலை, நீயும் ஒத்துக்கிட்டேன்னு... அந்த மாதிரி."

பக்கத்து மேஜையில் பேச்சு நின்றது. அதற்கடுத்த மேஜையிலும் நின்றது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஒருவர் முகத்திலாவது ஆச்சரியம் இருக்க வேண்டுமே! எல்லாத் தலையும் ஜெல்லியைப் பார்த்துக் குனிந்திருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஊருக்கே தெரியும். என்னிடம் மட்டும் மூச்சு விடவில்லை, வாய் தாங்காதவள் என்று.

நான் எழுந்தே விட்டேன். "உங்க எல்லாருக்கும் தெரியுமா? தெரிஞ்சுமா இங்க உக்காந்து உருளைக்கிழங்கு தின்னுக்கிட்டு இருக்கீங்க?"

வெர்னா மெல்லச் சொன்னாள். "விருந்து முன்னாடியே நிச்சயமாயிடுச்சு, கோனி. நிறுத்தினா அவ மனசு கஷ்டப்படுமேன்னு..."

"அப்ப அந்தப் பெட்டி? அது எதுக்கு?"

"பெட்டி எப்பவும் உபயோகப்படும்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி அண்டாவிலேயே போட்டிருப்பேன். கூட இருந்தே குழி பறித்துவிட்டு, குழியைச் சுற்றி ரிப்பன் கட்டுகிற கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் நியூ ஜெர்ஸியில் கெடுதல் செய்கிறவன் கத்திக்கொண்டாவது வருவான்.

மாரித் கத்தவில்லை. "உங்களுக்கு நான் இங்க தேவைப்பட்டேனா, ஆர்லென்? அதனாலயா?"

"தேவைதான், இல்லேன்னு சொல்லல. ஆனா நானா அதைச் செய்யல, மாரித். எனக்கு அந்த எண்ணமே இல்ல. வந்து... வீட்டுல..."

அவர் கண் கேக் மேஜைக்குப் போனது. அங்கே லவோன் நின்றிருந்தார். கையில் கத்தி. கடைசித் துண்டைப் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தார்.

மாரித் அவர் எதிரில் போய் நின்றாள். "அம்மா?"

"உனக்கு அங்கல்லாம் ஒத்துக்குமோ என்னமோன்னு ஆர்லென்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான்."

"எங்கிட்ட 'போக வேண்டாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

லவோன் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "நான் எப்படி உன்னை வேண்டாம்னு சொல்லுவேன்? அது உன் இஷ்டம் இல்லையா?"

அந்த அம்மாள் நடிக்கவில்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. மகளின் வழியை மறைவில் போய் அடைத்தது அவருக்குத் தவறாகத் தெரியவில்லை. முகத்துக்கு நேரே மறுப்பதுதான் தவறு.

"நீ போனா திரும்பி வரமாட்டே," என்றார் லவோன், கேக்கைப் பார்த்துக்கொண்டு. அவர் வாயிலிருந்து மூடி மறைக்காத ஒரு பேச்சு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"திரும்பி வர்றதுக்குத்தாம்மா போறதா இருந்தேன்," என்றாள் மாரித்.

பிறகு ரொசாரியோவிடம் போனாள். பொட்டலத்தை நீட்டினாள். வாயைத் திறந்தாள், குளிர்காலம் முழுக்கப் பழகிய அந்த மொழியில் ஒரு வார்த்தையும் வரவில்லை. ரொசாரியோ எல்லாவற்றையும் முகத்திலிருந்தே படித்துவிட்டாள். பொட்டலத்தை வாங்கி மாரில் அணைத்துக்கொண்டாள். மாரித் அவள் கன்னத்தில் கன்னம் வைத்து முத்தமிட்டாள்.

அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அடுத்து உட்கார்ந்திருந்த வெர்னாவைக் குனிந்து முத்தமிட்டாள். வெர்னா கல்லாகிவிட்டாள். அடுத்தது போதகர். அதற்கடுத்துப் பெட்டி வாங்கப் போனவர்கள், ஹாட்டிஷ் கொண்டுவந்தவர்கள் என்று மேஜை மேஜையாக ஒருவரையும் விடாமல், அவசரப்படாமல், நான் சொல்லிக் கொடுத்தபடி கன்னத்தை நன்றாக ஒட்டி. ஹாலில் அறுபது எழுபது பேர். தேவாலயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு முத்தத்தின் கதை தெரியாதா என்ன? அங்கே, வேதத்தில், குருவைக் காட்டிக் கொடுத்தவன் முத்தமிட்டான். இங்கே காட்டிக் கொடுக்கப்பட்டவள் முத்தமிட்டுக்கொண்டு வந்தாள். ஆர்லெனிடம் வந்தபோது அவர் கிழவனாகத் தெரிந்தார். அவருக்கும் ஒன்று வைத்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பரிதாபம் வரவில்லை.

கடைசியில் லவோன். மகள் வருவாள் என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, கன்னத்தைக்கூடக் கொஞ்சம் திருப்பினார். மாரித் அவரைக் கடந்து போய்க் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் விடைபெறுவதற்கே ஒரு மணி நேரம் ஆகும். மேஜையருகே ஒரு தடவை, கதவருகே ஒரு தடவை, கார் ஜன்னல் வழியாக ஒரு தடவை. மாரித் ஒரு வார்த்தையும் சொல்லாமல் படியேறிப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். பெட்டி ஹாலிலேயே நின்றது.

மறுநாள் நான் நச்சரித்ததால் கல்லூரிக்குப் போன் செய்தாள். அங்கே பயிற்சிக்குப் பொறுப்பான அம்மாள் பதறிப்போனாராம். இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது, கல்லூரி எடுத்த டிக்கெட்டும் அந்தப் பெண் பெயருக்கு மாறிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்தே மாரித் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தாள். ஜூன் வரை ஒரு நாள் தவறாமல் பாடம் நடத்தினாள், ஆசிரியைத் தகுதியும் வாங்கினாள். வில்மர் அவளிடம் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டான். "நல்லபடியா எடுத்துக்கிட்டா" என்று ஊர் மூச்சு விட்டது. லவோனோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள், ஒரே மேஜையில்தான் சாப்பிட்டாள். காலையில் என் பஸ்ஸில் ஏறும்போது எனக்கு வைக்கிற முத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் என்னை மினியாபொலிஸ் விமான நிலையத்துக்குக் கொண்டுவிடச் சொன்னாள். குவென்காவில் ஒரு சின்னப் பள்ளி, அவளே எழுதிக் கேட்டுத் தேடிக்கொண்ட வேலை. விருந்து வைக்க யாருக்கும் வாய்ப்புத் தரவில்லை, ரொசாரியோவைத் தவிர ஊரில் யாரிடமும் சொல்லவே இல்லை. லவோனிடம் அன்று காலையில்தான் சொன்னாளாம். அவர் ரொட்டியில் இறைச்சி வைத்துச் சுற்றிக் கையில் கொடுத்தாராம். பழைய கித்தான் பை ஒன்றும், ரொசாரியோ மறுபடி கொடுத்த பொட்டலமும்தான் சாமான். பொட்டலத்தை வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தாள்.

"உங்கம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

"கேட்டா சொல்லு. திரும்பி வரமாட்டேன்னு."

"அப்ப வில்மர்? நீ ஆரம்பிக்கணும்னு சொன்ன வகுப்பு?"

அதற்கு மட்டும் அவள் அழுதாள். பிறகு என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு உள்ளே போனாள். என் கண்ணாடியில் இடிக்கவில்லை.

திரும்பும் வழியில் லவோன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். சமையலறையில் எனக்காகக் கோப்பை வைத்திருந்தார். நான் மறுக்கவில்லை, அவர் விளிம்பு வரை ஊற்றினார். எதிரில் உட்கார்ந்து மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ரோடு எப்படி இருந்துச்சு?"

"ரோடு நல்லாத்தான் இருந்துச்சு."

"சோளம் இந்த வருஷம் பரவாயில்லைன்னு சொல்றாங்க."

"லவோன், அவ திரும்பி வரமாட்டேன்னு சொல்லச் சொன்னா."

அவர் கை விரிப்பின் மேல் நின்றது. பிறகு எழுந்து போய்க் காபிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா, கோனி?"

என் கோப்பையில் நான் இன்னும் வாயே வைக்கவில்லை. அவர் ஊற்றினார்.